ஷேக்கர் பாணிப் பக்க மேசைகள்: ஒரு வீட்டில் பழையதும் புதியதும் தேர்ந்தெடுத்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், பிட்ஸ்ஃபீல்டிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் ஒரு பழைய மரவீடு. பாஸ்டன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி அதை வாங்கிக் குடிவந்தார்கள். மகள் பக்கத்து ஊரில் இருக்கிறாள். அவளுடைய இரண்டு வயதுப் பையன் வாரத்தில் பாதி நாள் தாத்தா பாட்டி வீட்டில்தான். நான் அந்தப் பகுதியில் மரச்சாமான் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். கால் ஆடும் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தவர்கள், சோபாவின் இரு பக்கமும் வைக்க இரண்டு மேசை, படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்க ஒன்று, மூன்றும் ஷேக்கராக, அதாவது பழைய அமெரிக்கச் சமயக் குழு ஒன்றின் எளிமையான பாணியில் வேண்டும், எங்கே வாங்கலாம் என்று பேச்சுவாக்கில் கேட்டார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது.

மூன்றுக்கும் சேர்த்து 3,000 டாலர் ஒதுக்கியிருந்தார்கள். அந்த அம்மாவுக்குப் பழையதுதான் வேண்டும், அதுவும் உண்மையான ஷேக்கர். கணவருக்குப் புதிதாக வாங்கிப்போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்ற எண்ணம். பேரன் ஓடியாடும் வீட்டில் பழம்பொருள் எதற்கு என்பது அவர் கேள்வி. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஆனால் இரண்டு பேருமே மேசையைப் பற்றிப் பேசவில்லை, மேசையின் வயதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஷேக்கர் என்ற பெயர் விலையை ஏற்றும் விதம்

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1774-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து ஆன் லீ என்ற பெண் சில சீடர்களோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார். ஆல்பனிக்கு அருகில் நிஸ்கயூனாவில் குடியேறினார்கள். திருமணம் கிடையாது, சொத்து எல்லாருக்கும் பொது, உழைப்பும் வழிபாடுதான் என்று வாழ்ந்த சமயக் குழுதான் ஷேக்கர்கள். நியூ லெபனான் (பின்னாளில் மவுண்ட் லெபனான்), ஹான்காக், கேன்டர்பரி, என்ஃபீல்டு என்று மெயின் மாநிலத்திலிருந்து கென்டக்கி வரை கிராமங்கள் அமைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். இன்று மெயினில் உள்ள சப்பாத்டே லேக்கில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் மிச்சம். பிட்ஸ்ஃபீல்டை ஒட்டிய ஹான்காக் கிராமம் 1960-இல் மூடப்பட்டு அருங்காட்சியகமானது. இந்தத் தம்பதிக்கு ஆசை பிறந்த இடமும் அதுதான். 1826-இல் கட்டிய வட்டக் கல் தொழுவத்தைப் பார்க்கப் போனவர்கள், குடியிருப்புக் கட்டடத்தில் இருந்த சின்ன மேசைகளைப் பார்த்து மயங்கித் திரும்பினார்கள்.

அந்த மேசைகள் பெரும்பாலும் அவர்கள் தங்கள் உபயோகத்துக்குச் செய்துகொண்டவை. வெளியே பெரிய அளவில் விற்றது நாற்காலிகளைத்தான், மவுண்ட் லெபனான் நாற்காலிகளில் 1870-களிலிருந்து வணிக முத்திரையே ஒட்டியிருக்கும். மேசைகளில் அப்படி எதுவும் பொதுவாக இருக்காது, அபூர்வமாகச் சிலவற்றில் செய்தவர் கையெழுத்தோ தேதியோ கிடைக்கும். அதே காலத்தில் நியூ இங்கிலாந்தின் கிராமத்துத் தச்சர்களும் கீழே போகப் போக மெலியும் நான்கு காலும் ஒரு டிராயருமாக இதே மாதிரி மேசைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் ஒரு மேசை ஷேக்கரா என்பதை மேசை மட்டும் சொல்லாது. எந்தக் கிராமத்திலிருந்து, யார் கைவழியாக வந்தது என்ற பூர்வீகம் சொல்ல வேண்டும்.

பிட்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த எட்வர்ட் டெமிங் ஆண்ட்ரூஸ், ஃபெய்த் ஆண்ட்ரூஸ் தம்பதி 1923-இல் சேகரிக்கத் தொடங்கி, 1935-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஷேக்கர் கைவினைக்கென்றே கண்காட்சி நடந்த பிறகு, இந்தச் சாமான்கள் கலைப்பொருள் ஆகிவிட்டன. 1990-இல் ஓப்ரா வின்ஃப்ரே ஒரு ஷேக்கர் வேலைமேசையை ஏலத்தில் 2,20,000 டாலருக்கு வாங்கினார். அந்த விலைக்குப் பிறகு பரண்மேல் கிடந்த எளிமையான மேசை எல்லாம் ஷேக்கர் ஆகாமல் இருக்குமா? விற்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவரவில்லை. பலர் உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பது வாங்குகிறவர்தான்.

முதலில் வீட்டை அளந்தோம்

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சோபாவின் கைப்பிடி தரையிலிருந்து 25 அங்குலம். பக்க மேசை கைப்பிடி உயரத்துக்கு ஓரிரு அங்குலம் முன்னே பின்னே இருந்தால்தான் உட்கார்ந்தபடி காபிக் கோப்பையைப் பார்க்காமல் வைக்க முடியும். சோபாவின் இடப்பக்கம் சுவருக்கு 19 அங்குலம்தான் இடம், வலப்பக்கம் தாராளம். ஏற்கெனவே இருக்கும் விளக்கைக் கைப்பிடி உயரத்தில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்துப் பார்த்தோம். விளக்கின் கூண்டு விளிம்பு உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்குச் சரியாக வந்தது. இதே விளக்கை 28 அங்குல மேசையில் வைத்தால் பல்பு நேராகக் கண்ணில் அடிக்கும்.

28 அங்குலத்தைச் சும்மா சொல்லவில்லை. ஷேக்கர் வீடுகளில் சோபா கிடையாது, அதனால் சோபா ஓரத்தில் போடும் மேசை என்ற ஒன்றும் கிடையாது. அவர்களிடம் இருந்தவை மெழுகுவர்த்தி வைக்கும் மூன்று கால் ஸ்டாண்டு, தையல் வேலைக்கான மேசை, கட்டில் பக்கத்து டிராயர் மேசை, கைகழுவும் மேசை. நிமிர்ந்த முதுகு கொண்ட நாற்காலிக்குப் பக்கத்தில், அல்லது நின்றபடி பயன்படுத்தச் செய்தவை. டிராயர் உள்ள பழைய மேசைகள் பலவும் 27, 28 அங்குலம் இருப்பதற்குக் காரணம் அதுதான். இன்றைய தாழ்வான சோபாவுக்குப் பக்கத்தில் போட்டால் ஒல்லியாக, விறைப்பாக, ஒட்டாமல் நிற்கும்.

மூன்று கால் ஸ்டாண்டு

அந்த அம்மா ஏற்கெனவே ஒரு பழம்பொருள் கடையில் பார்த்துவைத்திருந்தார். செர்ரி மரம், வட்ட மேற்பலகை, நடுவில் கடைந்த தண்டு, வளைந்த மூன்று கால். சீட்டில் ஹான்காக், ஷேக்கர், சுமார் 1830 என்று எழுதி 2,400 டாலர் போட்டிருந்தார்கள். மூவரும் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கலாமா என்றதும் தானே ஒரு போர்வையைக் கொண்டுவந்து விரித்தார்.

மேற்பலகையை முதலில் அளந்தேன். மரம் காயக் காயக் குறுக்குவாட்டில்தான் சுருங்கும், ரேகை ஓடும் நீளவாட்டில் ஏறக்குறைய சுருங்காது. அதனால் ஒற்றைப் பலகையில் வட்டமாக வெட்டிய பழைய மேசை காலப்போக்கில் லேசாக முட்டை வடிவமாகிவிடும். இது ரேகைத் திசையில் 18 அங்குலம், குறுக்கே 17¾. பலகை பழையதுதான். அந்த அம்மா முகத்தில் அப்போதே சிரிப்பு.

அடியில் பார்த்தபோது கதை மாறியது. இந்த வகை ஸ்டாண்டில் மேற்பலகைக்கு அடியில் ஒரு குறுக்குக் கட்டை இருக்கும், தண்டு அதில் பொருந்தும், கட்டை பலகையோடு திருகாணியால் இறுகியிருக்கும். காற்றும் வெளிச்சமும் படுகிற அடிப்பகுதி நூறு வருடத்தில் பழுப்பேறும், கட்டை மூடியிருக்கும் இடம் மட்டும் வெளுப்பாகவே இருக்கும். இங்கே வெளுப்பு இருந்த இடம் வேறு, கட்டை இருந்த இடம் வேறு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, அடைத்து நிறம் தீட்டிய நான்கு பழைய திருகாணித் துளைகள் தெரிந்தன. அந்தத் துளைகள் நான்கும் வெளுப்புக்குள் கச்சிதமாக அடங்கின. அதாவது இந்தப் பலகை முன்னொரு காலத்தில் இன்னொரு மேசையின் தலையில் இருந்திருக்கிறது. பலகையும் பழசு, காலும் பழசு, இரண்டுக்கும் கல்யாணம் மட்டும் புதுசு.

அடுத்து கால்கள். நல்ல ஸ்டாண்டில் ஒவ்வொரு காலின் மேல்முனையும் புறாவின் வால் போல விரிந்து, தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கிச் செருகப்பட்டிருக்கும். அது பிரியாமலிருக்க அடியில் மூன்று கை கொண்ட இரும்புத் தகடு அடித்திருப்பார்கள். இங்கேயும் அது இருந்தது. ஆனால் ஒரு கால் செருகியிருக்கும் இடத்தில் தண்டு பிளந்து, பசை போட்டு, பிலிப்ஸ் தலைத் திருகாணியால் இறுக்கியிருந்தது. பிலிப்ஸ் திருகாணி 1930-களில் வந்தது. பழுதுபார்ப்பது குற்றமில்லை, இந்த வகை ஸ்டாண்டு எல்லாமே என்றைக்காவது அங்கேதான் பிளக்கும், யாராவது விளிம்பில் கை ஊன்றி எழுந்தால் போதும். ஆனால் இந்தப் பழுது மறுபடியும் திறந்துகொண்டிருந்தது. விரலால் அழுத்தினால் இடுக்கு அசைந்தது.

தண்டின் கடைசலில் மூன்று வளையமும் ஒரு குடவடிவமும் இருந்தன. ஷேக்கர்கள் அலங்காரத்துக்கென்று எதையும் சேர்ப்பதை விரும்பாதவர்கள். வெறும் அழகுக்காக மணிவரி, விளிம்புச் சிற்பம் செய்யக்கூடாது என்று 1845-ஆம் ஆண்டு விதிகளில் எழுதியே வைத்தார்கள். அது மட்டும் தீர்ப்பாகாது, ஆனால் பூர்வீகம் எதுவும் இல்லாத நிலையில் அது சாதகமாகவும் இல்லை. கடைக்காரரிடம் ஹான்காக் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டோம். விற்ற குடும்பம் அந்தப் பக்கம் என்றார். அவ்வளவுதான் ஆதாரம்.

இது எல்லாம் இல்லாவிட்டாலும் எனக்கு இன்னொரு கவலை இருந்தது. மூன்று கால் மேசையின் இரண்டு காலுக்கு நடுவே விளிம்பில் ஒரு குழந்தை தொங்கினால், மேசையும் மேலிருக்கும் விளக்கும் சேர்ந்து அதன்மேல் விழும். வாங்க வேண்டாம் என்று முடிவானது. அந்த அம்மாவுக்கு வருத்தம்தான், வண்டியில் வரும்போது அதிகம் பேசவில்லை.

மஞ்சள் மேசை

சில வாரம் கழித்து ஒரு வீட்டுச்சாமான் விற்பனையில் நான்கு கால், ஒரு டிராயர், மேலெல்லாம் பழைய மஞ்சள் பெயிண்ட். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கைபடும் இடங்களில் மட்டும் தேய்ந்து மரம் தெரிந்தது, மற்ற இடங்களில் பெயிண்ட் மெல்லிய வெடிப்போடு அப்படியே இருந்தது. விலை 900. இப்படிப்பட்ட ஆதிப் பெயிண்ட்தான் சேகரிப்பவர்கள் தேடி அலைவது, சுரண்டினால் மதிப்பு போய்விடும்.

ஆனால் அந்தக் காலத்துப் பளிச் மஞ்சள் என்றால் பெரும்பாலும் குரோம் எல்லோ, வேதியியலில் லெட் குரோமேட், அதாவது ஈயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் தடை செய்யப்பட்டதே 1978-இல்தான். வீட்டுக்காரர் அனுமதியோடு, ஈயப் பரிசோதனை செய்யும் ஒருவர் தன் எக்ஸ்ரே கருவியை வைத்துப் பார்த்தார். ஈயம் இருந்தது, நிறையவே. இரண்டு வயதுக் குழந்தை மேசை விளிம்பைக் கடிக்கும், உதிர்ந்ததைத் தொட்ட விரலை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம். பெயிண்டைச் சுரண்டினால் ஈயத்தூள் வீடெங்கும் பறக்கும், மேசையின் மதிப்பும் போகும். மேலே வார்னிஷ் பூசி மூடினாலும் விளிம்புகள் தேயும், சேகரிப்பு மதிப்பும் குறையும். குழந்தை இல்லாத வீட்டுக்குப் போகவேண்டிய மேசை அது. இந்த முறை அந்த அம்மாவே முதலில் வேண்டாம் என்றார்.

ஷேக்கர் என்று யாரும் சொல்லாத மேசை

மூன்றாவதாகப் பார்த்தது நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கொட்டகைக் கடையில். சீட்டில் கிராமத்து ஸ்டாண்டு, செர்ரி, 19-ஆம் நூற்றாண்டு என்று மட்டும் எழுதி 380 டாலர் போட்டிருந்தார்கள். பெயிண்ட் இல்லை, பழைய ஷெல்லாக் மெருகு, அதாவது அரக்கைக் கரைத்துப் பூசுவது. ஷெல்லாக்தானா என்று மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பார்த்தோம், பிசுபிசுத்தது, சரி, ஷெல்லாக்தான்.

டிராயரை முழுதாக வெளியே எடுத்தேன். எந்தப் பழைய மேசையாக இருந்தாலும் பாதி உண்மை டிராயரில்தான் இருக்கும். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் கையால் அறுத்த டவ்டெயில், அதாவது புறாவால் வடிவ இணைப்பு, ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு வேறு அகலம், உளி வைக்கும் முன் கீறிய கோடு இன்னும் தெரிந்தது. அடிப்பலகை பைன், ஓரங்களை மெல்லிதாகச் சீவிப் பள்ளத்தில் நுழைத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு மேற்பலகையின் அடிப்பக்கத்தைத் தடவினால் இழைப்புளி போன தடம் மெல்லிய அலையாக விரலில் தட்டும், எந்திரம் அப்படி ஓர் அலையை விடாது. பக்கப்பலகையின் கீழ்விளிம்பு இழுத்து இழுத்துத் தேய்ந்திருந்தது, உள்ளே அது உட்காரும் சட்டமும் அதே அளவுக்குத் தேய்ந்திருந்தது. இரண்டு தேய்மானமும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் டிராயரும் மேசையும் பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருக்கின்றன என்று அர்த்தம்.

டிராயர் அடியில் வளைவான ரம்பத் தடங்கள் இருந்தன. வளைவுத் தடம் இருந்தால் போலி என்று கணவர் எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டார். அது பாதி உண்மை. நேர்த்தடம் மேலும் கீழும் போகும் பழைய ரம்பம், வளைவுத்தடம் வட்ட ரம்பம். ஆனால் வட்ட ரம்பம் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது, ஷேக்கர்களே தண்ணீர் விசையில் அதை ஓட்டினார்கள். அதனால் அந்தத் தடத்தை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. மேற்பலகையைப் பிடித்திருந்த திருகாணிகளில் ஒன்றைக் கழற்றிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தார். முனை கூராக இல்லை, மழுங்கல். கூர்முனைத் திருகாணி 1846-க்குப் பிறகுதான் தொழிற்சாலையிலிருந்து வந்தது. மழுங்கல் முனை பழமைக்குச் சாதகமான ஒரு சான்று.

குறை இல்லாமலில்லை. டிராயர் குமிழ் பிற்காலத்தது, ஒரு காலின் அடியில் அரை அங்குலம் புதுமரம் ஒட்டியிருந்தது. உயரம் 27½. இது சோபாவுக்கு ஆகாது, படிக்கும் நாற்காலிக்குச் சரி, ஏனென்றால் அந்த நாற்காலியின் உட்காருமிடமே உயரம்.

புதிய மேசைகள்

சோபாவுக்கு இரண்டும் ஒரே மாதிரி வேண்டும் என்று இருவருமே சொன்னார்கள். பழையதில் ஜோடி கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் விலை எட்டாது. அதனால் புதிது என்று கணவர் பக்கம் தராசு சாய்ந்தது.

ஒரு பெரிய கடையில் ஷேக்கர் எண்ட் டேபிள் என்று 160 டாலருக்கு இருந்ததை முதலில் பார்த்தோம். கால் ரப்பர் மரம், மேற்பலகை எம்.டி.எஃப்-இல், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகையில், செர்ரி நிறத் தகடு ஒட்டியது. ரப்பர் மரத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், பால் வற்றிய மரத்தை வெட்டி எரிக்காமல் சாமான் ஆக்குவது நல்ல காரியம்தான், மரமும் உறுதியானது. பிரச்சினை வேறு இடத்தில்: கால் சட்டத்தோடு கழுந்தும் துளையுமாகச் சேரவில்லை, மூலைத் தகட்டில் ஒரு போல்ட்டில் தொங்குகிறது. மேசையைத் தரையில் இழுத்து நகர்த்தும் வீட்டில் அது தளர்ந்துகொண்டே இருக்கும். உயரமும் 22 அங்குலம். ஒவ்வொரு காலையும் நான்கு பக்கமும் சீவி மெலியவைத்திருந்தார்கள். பழைய மேசைகளில் பெரும்பாலும் உட்பக்கம் இரண்டில் மட்டும் அந்தச் சீவல் இருக்கும், வெளிப்பக்கம் நேராக நிற்கும், அதனால்தான் அவ்வளவு ஒல்லியான காலும் உறுதியாக ஊன்றி நிற்பதுபோல் தெரிகிறது. இந்தச் சின்ன வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் பிறகு கடைச் சாமானைப் பார்க்கவே மனம் வராது.

பிறகு பக்கத்து ஊரில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு மேசைத்தச்சரிடம் போனோம். செர்ரி, கைவேலை டவ்டெயில், ஒன்று 880 டாலர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: மேற்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பிடிக்கிறீர்கள்? பசையால் ஒட்டிவிடுவேன் என்றிருந்தால் எழுந்து வந்திருப்போம். நியூ இங்கிலாந்தில் கோடை ஈரத்துக்கும் குளிர்கால ஹீட்டர் வறட்சிக்கும் நடுவே 18 அங்குல அகலச் செர்ரிப் பலகை ஏறக்குறைய கால் அங்குலம் வரை விரிந்து சுருங்கும். ஒட்டிவிட்டால் பிளக்கும். அவர் மர வில்லைகளை எடுத்துக் காட்டினார். சட்டத்தில் உள்ள பள்ளத்தில் ஒரு முனை நுழைந்து, பலகையைப் பிடித்தும் பிடிக்காமலும் நகரவிடும். பழைய முறை, நல்ல முறை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

சோபாவுக்கு இரண்டு புதிய மேசை, 25 அங்குல உயரம், இடப்பக்க இடத்துக்கேற்ப 17 அங்குல அகலம். படிக்கும் நாற்காலிக்கு நியூ ஹாம்ப்ஷயர் ஸ்டாண்டு. மூன்றும் சேர்த்து 2,140 டாலர், ஒதுக்கியதைவிடக் குறைவு.

அந்த அம்மாவுக்குக் கடைசிவரை ஒரு தயக்கம் இருந்தது: புதிதாகச் செய்தது நகல்தானே, அது எப்படி ஷேக்கர் ஆகும்? நான் சொன்னது இது. ஷேக்கர்கள் பழமையைக் கும்பிட்டவர்கள் இல்லை, வட்ட ரம்பமும் தண்ணீர்ச் சக்கரமும் கிடைத்தவுடன் பிடித்துக்கொண்டவர்கள். யார் எங்கே உட்கார்வார், எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்த்துத் தங்கள் வீட்டுக்குத் தேவையானதைச் செய்துகொண்டார்கள். சோபாவுக்கு அளவெடுத்துச் செய்த செர்ரி மேசை அந்த வழியில்தான் வருகிறது. 2,400 டாலருக்கு ஒட்டுப்போட்ட ஸ்டாண்டை வாங்கி உயரம் பொருந்தாமல் ஓரத்தில் நிறுத்துவதில்தான் எனக்கு நகல் வாடை அடிக்கிறது. அவர் முழுதாக ஒப்புக்கொண்டாரா தெரியாது, சிரித்தார்.

கிராமத்து ஸ்டாண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஷேக்கர் தச்சர் செய்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 380 டாலர் என்பது ஒரு நல்ல பழைய மேசையின் விலை. நாளைக்கு ஷேக்கர் இல்லை என்று தெரிந்தாலும் நஷ்டமில்லை.

பிறகு நடந்தது

புதிய மேசைகள் மார்ச்சில் வந்தன, வெளிர் சால்மன் நிறத்தில். கணவருக்கு ஏமாற்றம், பழைய ஸ்டாண்டின் கருஞ்சிவப்போடு ஒட்டவில்லை என்றார். செர்ரி வெளிச்சத்தில் தானாகக் கறுக்கும், நிறமேற்றவேண்டாம் என்று தச்சர் சொல்லியிருந்தார். கோடைக்குள் நன்றாகவே சிவந்துவிட்டது. ஆனால் விளக்கை நகர்த்தியபோது அதன் அடிப்பாகம் இருந்த இடம் வெளுத்த வட்டமாகத் தெரிந்தது, ஜன்னல் பக்க மேசையில் இன்னும் தெளிவாக. விளக்கை வேறு இடத்தில் வைத்துச் சில மாதம் விட்டதில் பெரும்பாலும் சமமாகிவிட்டது.

ஆகஸ்டில் இரண்டு டிராயரும் இறுகிப்போயின. குளிர்காலத்தில், காய்ந்த மரத்தில் இடைவெளி குறைவாக வைத்துச் செய்தது காரணம். தச்சர் வந்து மேல்விளிம்பை இழைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

பேரன் ஒருநாள் டிராயரைப் பிடித்து இழுத்தான், அது முழுதாக வெளியே வந்து அவன் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அடி இல்லை. பழைய முறை டிராயருக்குத் தடுப்பு கிடையாது. மூன்று மேசையிலும் டிராயரின் பின்பலகையின் உட்புறம் திருப்பக்கூடிய ஒரு சின்ன மரத்துண்டைத் திருகாணியால் பொருத்தினேன். டிராயரை உள்ளே தள்ளிய பிறகு துண்டை நிமிர்த்திவிட்டால் அது சட்டத்தில் முட்டி நிற்கும்.

பழைய ஸ்டாண்டில் யாரோ சூடான தேநீர்க் கோப்பையை வைத்து வெள்ளை வளையம் விழுந்தது. ஷெல்லாக்கின் சுபாவம் அது, சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. அதே சமயம் சரிசெய்வதும் சுலபம். துணிப்பஞ்சில் மிகக் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, இறகு படுவதுபோல் மேலாகத் தடவியதில் வளையம் மறைந்தது. அப்புறம் அங்கே ஒரு தட்டு வைத்தார்கள். மூன்று கால் ஸ்டாண்டு அந்தக் கடையிலேயே வெகுநாள் இருந்து, சீட்டில் ஹான்காக் என்ற வார்த்தை இல்லாமல் குறைந்த விலைக்கு மாறியதைப் பிறகொரு முறை பார்த்தேன்.

இன்னொரு முறை என்றால் மாற்றவேண்டியவை

பழைய மேசையைப் பார்க்க நேரில் கிளம்பும் முன்பே அடிப்பக்கம், டிராயர் மூலை, கால் சேரும் இடம் ஆகிய மூன்றின் படத்தைக் கேட்டு வாங்குவது. மூன்று கால் ஸ்டாண்டின் இடம்மாறிய வெளுப்பு ஒரு நல்ல படத்திலேயே தெரிந்திருக்கும்.

ஷேக்கர் என்று விலை போட்டிருந்தால், எந்தக் கிராமம், யாரிடமிருந்து வந்தது என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்வது. எழுதத் தயங்கினால் அந்தப் பெயருக்கான பணத்தைக் கழித்துப் பேசலாம்.

குழந்தை வந்துபோகும் வீடென்றால் பெயிண்ட் அடித்த பழைய சாமானை ஈயப் பரிசோதனைக்குப் பிறகே விரும்பத் தொடங்குவது. மஞ்சள் மேசையில் மனம் வைத்தபிறகு வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

புதிதாகச் செய்யக் கொடுத்தால் எந்த மாதத்தில் செய்கிறார், டிராயருக்கு எவ்வளவு இடைவெளி விடுகிறார் என்று கேட்பது, தடுப்பையும் அப்போதே சேர்த்துவிடச் சொல்வது. செர்ரி வந்த முதல் கோடையில் மேலே எதையும் நிலையாக வைக்காமல், விளக்கைக்கூட வாரம் ஒருமுறை நகர்த்திக்கொண்டிருப்பது. கடைசியாக, சோபாவையும் மாற்றும் யோசனை இருந்தால் சோபா வீட்டுக்கு வந்த பிறகே மேசைக்கு அளவு கொடுப்பது. இந்த வீட்டில் இப்போது சோபாவை மாற்றலாமா என்ற பேச்சு ஆரம்பித்திருக்கிறது, கடைக்குப் போகும்போது கணவர் 25 அங்குலத்தில் குறி போட்ட ஒரு குச்சியைக் கையோடு எடுத்துப்போகிறார்.